‘ஹாலிவுட் மாதிரியே எடுக்குறாங்க’ன்னு சொல்றவங்களுக்கு

நேத்து ராத்திரி ஒரு வீடியோ பாத்தேன். அதுல இருந்து மனசு ஆறவே இல்ல.

சினிமா பத்திப் பேசுற ஒருத்தர். நல்லா பேசக்கூடியவர்தான். கொரியன் படங்களுக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னு கேட்டுட்டு, அவரே பதிலும் சொல்றார்: "ரகசியம்லாம் ஒண்ணுமில்லைங்க. ஹாலிவுட் படத்தை அப்படியே எடுத்துக்குறாங்க, மேல கொஞ்சம் அவங்க ஊர் கலாச்சாரத்தைத் தூவுறாங்க. அவ்ளோதான்."

தூவுறாங்களாம்!

ரசத்துல கொத்தமல்லி தூவுற மாதிரி ஒரு ஊரோட வாழ்க்கையைப் படத்து மேல தூவ முடியும்னா, இந்நேரம் ஒவ்வொரு நாட்டுலயும் போங் ஜூன்-ஹோ மாதிரி ஒரு டைரக்டர் இருந்திருப்பார்.

இந்தப் படங்களை வருஷக்கணக்கா திரும்பத் திரும்பப் பாத்துட்டு வர்றேன். என்னால இதை அப்படியே விட முடியல. அதான் உக்காந்து எழுதுறேன்.

என் கட்சி இதுதான். நல்ல கொரியன் டைரக்டர்கள் மேற்கத்தியப் படங்களோட இலக்கணத்தை முழுசா, மரியாதையா கத்துக்குறாங்க. போலீஸ் படம்னா போலீஸ் படம். ராட்சச மிருகம் வர்ற படம்னா அது. அப்புறம் அந்த இலக்கணத்தைக் கொண்டுபோய், தங்களோட நாட்டுல நிஜமா நடந்த ஏதோ ஒண்ணு முன்னாடி நிறுத்துறாங்க. அங்க இலக்கணம் உடையுது. எனக்குக் கொரியா தெரியறது அந்த உடைசல் வழியாத்தான்.

(முன்னாடியே சொல்லிடுறேன், முடிவு வரைக்கும் போட்டு உடைச்சுத்தான் பேசப் போறேன். ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’, ‘தி ஹோஸ்ட்’ ரெண்டையும் இன்னும் பாக்காதவங்க, தயவுசெஞ்சு பாத்துட்டு வாங்க. இந்தப் பதிவு எங்கயும் ஓடிடாது.)

‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’லயே ஆரம்பிக்கிறேன். 2003ல வந்தது. போங் ஜூன்-ஹோவோட ரெண்டாவது படம்.

ஒரு தொடர் கொலைகாரன். அவனைத் தேடுற ரெண்டு போலீஸ்காரங்க. ஒருத்தர் உள்ளூர்க்காரர், ஆளோட கண்ணைப் பாத்தே குற்றவாளியைச் சொல்லிடுவேன்னு நம்புறவர். சாங் காங்-ஹோ நடிச்சிருப்பார். இன்னொருத்தர் சியோல்ல இருந்து வந்தவர், காகிதம் பொய் சொல்லாதுன்னு நம்புறவர். ஒத்தே வராத ரெண்டு போலீஸை ஒண்ணா அலைய விடுறது அமெரிக்கப் படங்கள்ல பழகிப் பழகித் தேஞ்ச ஏற்பாடு. போங் அதைத் தயக்கமே இல்லாம எடுத்துக்குறார்.

ஆரம்பத்துல ஒரு வயக்காட்டுக் காட்சி வரும். பிணம் கிடக்குற இடம். கேமரா வெட்டே இல்லாம நீளமா சுத்திட்டு இருக்கும். பசங்க குறுக்கயும் நெடுக்கயும் ஓடுறாங்க. தடயம் எடுக்க வர்ற அதிகாரி வரப்புல வழுக்கி விழறார். சேத்துல ஒரு காலடித் தடம் கிடைக்குது, சுத்தி வட்டம் போட்டு வெச்சிருக்காங்க. சாங் காங்-ஹோ எல்லாரையும் பாத்துக் கத்திட்டே இருக்கார். அந்த நேரம் பாத்து ஒரு டிராக்டர் வந்து அந்தத் தடத்து மேல ஏறிப் போயிடுது.

அமெரிக்க போலீஸ் படம்னா மஞ்சள் டேப் கட்டியிருப்பாங்க, கையுறை மாட்டியிருப்பாங்க, பக்கத்துல ஒரு ஈ பறக்காது. இங்க டிராக்டர். சிரிப்பு வரும். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள, இந்தக் கேஸ் உருப்படாதுன்னு வயித்துக்குள்ள ஏதோ சொல்லிடும். ஒரே ஷாட்ல ரெண்டும்.

இந்தக் கதை நிஜம். 1986ல இருந்து 1991 வரைக்கும் ஹ்வாசாங்ங்கிற பகுதியில 10 பெண்கள் கொலை செய்யப்பட்டாங்க. கொலைகள் ஆரம்பிச்சப்போ நாட்டை ஆண்டது சுன் டூ-ஹ்வானோட ராணுவ சர்வாதிகாரம். படத்தோட முதுகெலும்பே அதுதான். இன்னைக்கு ராத்திரி கொலை நடக்கும்னு போலீஸுக்குத் தெரியுது. ஆள் கேட்டு போன் போடுறாங்க. ஆள் இல்ல, எல்லாரையும் போராட்டத்தை அடக்க அனுப்பியாச்சுங்குறாங்க. இன்னொரு ராத்திரி, வான்வழித் தாக்குதல் ஒத்திகை. சைரன் ஊதுது. ஊரே விளக்கை அணைக்குது, கடைக்காரங்க ஷட்டரை இறக்குறாங்க. அந்த இருட்டுல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு.

அரசாங்கமே விளக்கை அணைச்சுக் குடுக்குது பாருங்க. இதை எந்த ஹாலிவுட் படத்துல இருந்து எடுத்தாங்கன்னு அந்த வீடியோக்காரர் சொல்லட்டும்.

கடைசியில ரயில் சுரங்கப்பாதை முன்னாடி, கொட்டுற மழையில, அமெரிக்காவுல இருந்து டி.என்.ஏ. ரிசல்ட் வருது. கொரியாவுல அப்போ அந்த வசதி இல்லாததால அங்க அனுப்பியிருப்பாங்க. சந்தேகப்படுற ஒருத்தன்தான் கொலைகாரன்னு சியோல்க்காரருக்கு நெஞ்சு முழுக்க நிச்சயம். காகிதம் ‘இல்ல’ங்குது. படம் முழுக்க எவர் காகிதத்தை நம்பினாரோ, அவரே துப்பாக்கியைத் தூக்குறார். கண்ணைப் பாத்தே சொல்லிடுவேன்னவர் அவனோட மூஞ்சியைப் பிடிச்சுக் கண்ணுக்குள்ள பாத்துட்டு, தனக்குத் தெரியலைங்குறார். அப்புறம் அவன்கிட்ட கேக்குறார், வேளாவேளைக்குச் சாப்பிடுறியாடான்னு. கொலைகாரனா இருக்கலாம்னு நினைக்குற ஒருத்தன்கிட்ட! அந்தக் கேள்வியில கோபம் இருக்கு, அலுப்பு இருக்கு, நீயும் மனுஷன்தானாடாங்குற திகைப்பும் இருக்கு. பாக்குறவங்களை சாப்பிட்டாச்சான்னு விசாரிச்சே வளந்த நமக்கு அதை யாரும் விளக்கவே வேணாம்.

கொலைகாரன் சிக்க மாட்டான். சிக்குவான்ங்கறதுதான் போலீஸ் படம் குடுக்குற ஒரே வாக்குறுதி, போங் அதையே உடைச்சுட்டார். ஏன்னா நிஜத்துல அப்போ சிக்கல.

2019லதான் டி.என்.ஏ. மூலமா ஆள் யாருன்னு தெரிஞ்சது. 1994ல மனைவியோட தங்கையைக் கொன்னதுக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில ஜெயில்ல இருந்தவன். வழக்கு தொடர்றதுக்கான காலக்கெடு 2006லயே முடிஞ்சு போச்சு. இன்னொண்ணு, அந்தக் கொலைகள்ல ஒண்ணுக்காக வேற ஒருத்தர் சித்திரவதையில ‘ஒப்புக்கொண்டு’ சுமார் 20 வருஷம் உள்ள இருந்திருக்கார். 2020 டிசம்பர்லதான் அவரை நிரபராதின்னு விடுவிச்சாங்க. படத்துல அப்பாவிகளை அடிச்சு வாக்குமூலம் வாங்குற காட்சிகள் இருக்கே, இதைப் படிச்சதுக்கப்புறம் அதையெல்லாம் என்னால பழையபடி பாக்க முடியல.

சரி, இந்த மேற்கத்திய இலக்கணம் அவங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?

இங்கதான் சுவாரஸ்யம். கொரியாவுல இருந்த அமெரிக்க ராணுவத்துக்காரங்களுக்குன்னே ஏ.எஃப்.கே.என்.னு ஒரு டிவி சேனல் ஓடிச்சு. சின்ன வயசுல போங் வீட்டுல எல்லாரும் தூங்குனதுக்கப்புறம் அதைப் போட்டுப் பாப்பாராம். சப்டைட்டில் கிடையாது. இங்கிலீஷ் தெரியாது. ஓடுற படத்துக்குத் தானே மனசுக்குள்ள ஒரு கதை கட்டிக்குவாராம். பின்னாடி பெரியவரானப்புறம்தான் அது ஜான் கார்பென்டர் படம், இது டி பால்மா படம்னு தெரிஞ்சிருக்கு.

அமெரிக்கப் படம், கொரியப் பையனோட கதை. அவர் இன்னைக்கு வரைக்கும் செய்யறது இதேதான்னு எனக்குத் தோணும்.

கொரியாக்காரங்களுக்கு அமெரிக்கா கடல் தாண்டி இருக்குற ஏதோ ஒரு நாடு இல்ல. சியோல் நகரத்துக்கு நட்டநடுவுல, யோங்சான்ல, மதில் கட்டி உக்காந்திருந்த ராணுவ முகாம். அதனால ஹாலிவுட் பாணிங்கறதும் அவங்களுக்கு வெறும் பாணியா இருக்க வாய்ப்பே இல்ல. அது கூடவே ஒரு வல்லரசும் வந்துச்சு. 1988ல ஹாலிவுட் கம்பெனிகள் நேரடியா படம் ரிலீஸ் பண்ண ஆரம்பிச்சப்போ, எதிர்ப்பு தெரிவிக்க தியேட்டருக்குள்ள பாம்பு விட்டிருக்காங்க (நிஜப் பாம்பு!). தியேட்டர்கள் வருஷத்துக்கு 146 நாள் கொரியப் படம் ஓட்டியே ஆகணும்னு ஒரு விதி இருந்துச்சு. அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம் பேசறதுக்காக 2006ல அதை 73 நாளாக்கினாங்க. நடிகர்கள் தெருவுக்கு வந்தாங்க. ‘ஓல்ட்பாய்’ ஹீரோ சோய் மின்-சிக் அரசாங்கம் குடுத்த பதக்கத்தையே திருப்பிக் குடுத்துட்டார்.

அதே 2006லதான் போங்கோட ‘தி ஹோஸ்ட்’ வந்துச்சு. அஞ்சு கோடிக்கும் குறைவான ஜனங்க இருந்த நாட்டுல ஒரு கோடியே 30 லட்சம் டிக்கெட்.

எடுத்த எடுப்புல முதல் காட்சியே ராணுவ முகாமோட பிணவறை. ஒரு அமெரிக்க அதிகாரி, தூசு படிஞ்ச பார்மால்டிஹைடு பாட்டில்களைச் சாக்கடையில ஊத்தச் சொல்றார். கொரிய உதவியாளர், இது ஹான் நதிக்குப் போய்ச் சேருமேன்னு தயங்குறார். ஊத்துங்குறார் அதிகாரி. படத்துல போட்டிருக்குற தேதி 2000 பிப்ரவரி. யோங்சான் முகாம்ல இது நிஜமாவே நடந்தது, ஊர் முழுக்கப் பெரிய போராட்டம் வெடிச்சது. அந்தத் தண்ணியில இருந்துதான் ராட்சச மிருகம் வருது.

மிருகத்தை ஒளிச்சு வெச்சு, நிழல் காட்டி, வால் காட்டி, கடைசியில முழு உருவம் காட்டணும். 1975ல ‘ஜாஸ்’ல இருந்து இதுதான் பாடம். போங் படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துலயே, பட்டப்பகல்ல, நதிக்கரையில பாய் விரிச்சு உக்காந்திருக்கிற ஜனங்களுக்கு நடுவுல ஓட விட்டுடுறார். அதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள அது தெரியறப்போ ஜனங்க என்ன பண்றாங்க? பீர் கேனை எறிஞ்சு வேடிக்கை பாக்குறாங்க. அப்படித்தானே பண்ணுவோம்!

அப்புறம் அந்த சாவு வீட்டுக் காட்சி. மிருகம் தூக்கிட்டுப் போன பொண்ணு ஹ்யுன்-சோ. செத்துட்டான்னு நினைச்சு ஒரு பெரிய உள்ளரங்கத்துல செத்தவங்க எல்லாரோட போட்டோவையும் வரிசையா வெச்சு, பூ வெச்சிருக்காங்க. அப்பா, தாத்தா, சித்தப்பா, அத்தை நாலு பேரும் கட்டிப் பிடிச்சு அழறாங்க. அழுதுட்டே ஒருத்தரையொருத்தர் திட்டுறாங்க, அடிச்சுக்குறாங்க, தரையில உருளுறாங்க. போட்டோக்காரங்க மேல நின்னு கிளிக் பண்ணிட்டு இருக்காங்க. முதல் தடவை பாத்தப்போ சிரிக்கறதா அழறதான்னு தெரியாம உறைஞ்சு போய் உக்காந்திருந்தேன். துக்கம் அழகா வராது, அவங்க அதை அழகுபடுத்தவும் இல்ல. ஹாலிவுட்ல ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்துல வழிஞ்சா போதும், வயலின் மிச்சத்தைப் பாத்துக்கும்.

இதை விட எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. அலைஞ்சு களைச்சு, ராத்திரி அவங்களோட பெட்டிக்கடைக்குள்ள நாலு பேரும் உக்காந்து சாப்பிடுறாங்க. பேச்சே இல்ல. திடீர்னு நடுவுல ஹ்யுன்-சோ எழுந்து உக்காருறா. யாரும் ஆச்சரியப்படல. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அவ வாயில ஊட்டி விடுறாங்க. அவ அங்க இல்லைன்னு நமக்குத் தெரியும், அவ எங்கயோ சாக்கடைக்குள்ள பட்டினியா கிடக்குறா. பின்னணி இசையை ஏத்தல, க்ளோசப்ல கண்ணீர் இல்ல. பிள்ளை சாப்பிட்டிருக்குமாங்குற நினைப்பை நாலு பேரும் ஒரே நேரத்துல நினைக்குறாங்க, அவ்ளோதான் காட்சி. ராட்சச மிருகப் படத்துக்கு நடுவுல!

மிருகத்தைக் கொல்றது யாருன்னு பாருங்க. ராணுவம் இல்ல, விஞ்ஞானி இல்ல. சித்தப்பா காலேஜ் காலத்துல போராட்டக்காரர். படிச்சும் வேலை இல்ல. அவருக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை பெட்ரோல் குண்டு வீசறது, 80கள்ல கொரிய மாணவர்கள் சர்வாதிகாரத்துக்கு எதிரா தெருவுல கத்துக்கிட்ட வித்தை. கடைசி குண்டு அவர் கையில இருந்து நழுவிடும். வில்வித்தை வீராங்கனையான அத்தை அந்த நெருப்புல அம்பைப் பத்த வெச்சு எய்வா. அவ்வளவு பண்ணியும் ஹ்யுன்-சோ பிழைக்கல. குழந்தை பிழைக்கும்ங்கற விதியையும் உடைச்சாச்சு. அவ காப்பாத்துன ஒரு அனாதைப் பையனை அப்பா வளக்குறார். கடைசியில டிவியில அமெரிக்க விசாரணை அறிக்கை ஓடிட்டு இருக்கும். சோறு போட்டு வெச்சிருக்கு. அவர் காலாலேயே டிவியை அணைச்சுட்டு சாப்பிட உக்காருவார்.

அந்தக் காலுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டியிருக்கேன், வீட்டுல தனியா.

மத்தவங்களையும் சொல்லணும்ல. ‘ட்ரெயின் டு பூசன்’ (2016, யோன் சாங்-ஹோ). ஜாம்பி படம், அமெரிக்கச் சரக்கு. ஆனா ரயில் ஏன் பூசனுக்குப் போகுது? 1950 போர்ல வடக்குப் படை நாட்டையே விழுங்கிட்டு வந்தப்போ, விழாம நின்ன தென்கிழக்கு மூலை பூசன். லட்சக்கணக்கான அகதிகள் அங்கதான் ஓடினாங்க. கொரியாவுல ஒரு தாத்தா அந்தப் படத்தைப் பாத்தார்னா, அந்த ஊர் பேரே அவருக்குப் பாதிக் கதையைச் சொல்லிடும். படத்துல அரசாங்கம் டிவியில வந்து பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றப்போ இன்னொரு காயமும் திறக்குது. 2014ல செவோல் கப்பல் மூழ்கினப்போ, இருந்த இடத்துலயே இருங்கன்னு அறிவிப்பு குடுத்தாங்க. 304 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் பள்ளிப் பசங்க.

பார்க் சான்-வூக்கோட ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016). இங்கிலாந்துல நடக்குற சாரா வாட்டர்ஸ் நாவலை 1930கள் கொரியாவுக்கு, ஜப்பான் ஆட்சிக்குக் கீழ கொண்டு வந்துட்டார். கதை நடக்குற மாளிகையில ஒரு பக்கம் இங்கிலாந்து பாணி, இன்னொரு பக்கம் ஜப்பான் பாணி. வீட்டு ஐயாவுக்கு இந்த ரெண்டு நாட்டு மேலயும் அவ்வளவு மதிப்புன்னு வேலைக்காரத் தலைவி விளக்குவாங்க. அந்த ஐயா பிறப்பால கொரியர், ஜப்பானியனா மாறினவர். தன் நாட்டுக்கு அந்த வீட்டுல இடம் வெக்கல. காலனி ஆட்சி மனுஷனை என்ன பண்ணும்னு கட்டடமே சொல்லிடுது.

போங்கோட ‘பாரசைட்’ பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். பணக்கார வீட்டு வாசல்ல நின்னு, ஏழைக் குடும்பத்துத் தங்கச்சி தன்னோட பொய் விவரங்களை (பேர் ஜெஸ்ஸிகா, படிச்சது அமெரிக்காவுல) ஒரு குட்டிப் பாட்டா பாடிப் பாத்துட்டு பெல் அடிப்பா இல்லையா? அந்த மெட்டு, டோக்டோ தீவு எங்களோடதுன்னு கொரியப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட மெட்டு. ஜப்பானோட உரிமைத் தகராறு இருக்குற தீவு. அமெரிக்கப் படிப்புங்கற பொய்யை, தேசப்பற்றுப் பாட்டு மெட்டுல மனப்பாடம் பண்றா. சில விநாடிதான். நாலு ஆஸ்கர் குடுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்? தெரியாமலே ரசிச்சாங்க, அது வேற விஷயம். ஊர்க்காரங்களுக்குன்னு தனியா ஒரு பங்கு வெச்சிருந்தாரே, அதுதான் எனக்குப் பெருசாப் படுது.

(பாக்குறவங்களுக்கு ஒரு யோசனை. டப்பிங் வேணாம். டப்பிங், சப்டைட்டில்னு மாத்தி மாத்திப் பாத்துத்தான் சொல்றேன். ‘மெமரீஸ்’ல உள்ளூர் போலீஸும் சியோல் போலீஸும் ஒரே மாதிரி பேசிட்டா பாதிப் படம் காலி. பாஷை புரியலன்னாலும் பரவால்ல, குரல் புரியும். அப்புறம், படம் எந்த வருஷம் நடக்குதுன்னு பாத்து, அந்த வருஷம் கொரியாவுல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் படிச்சுட்டு இன்னொரு தடவை பாருங்க.)

இப்போ அந்தத் தூவுற விஷயத்துக்கு வர்றேன். தூவிப் பாத்தவங்களும் இருக்காங்க. 2007ல ‘டி-வார்’னு ஒரு படம் வந்துச்சு. இமூகின்னு டிராகனாக மாறத் துடிக்குற ஒரு பெரிய பாம்பு, சுத்தமான கொரிய நாட்டுப்புறக் கதை. அதைத் தூக்கிட்டுப் போய் லாஸ் ஏஞ்சல்ஸ்ல விட்டாங்க. அமெரிக்க நடிகர்கள், இங்கிலீஷ் வசனம், கட்டடத்தைச் சுத்துற பாம்பு, ஹெலிகாப்டர். கொரியாவுல 80 லட்சம் டிக்கெட்டுக்கு மேல வித்துச்சு, அதை மறுக்கல. ஆனா படத்துல உயிர் இல்ல. அந்தப் பாம்புக்கும் அந்தத் தெருவுக்கும் எந்தக் கணக்கு வழக்கும் கிடையாது. ‘தி ஹோஸ்ட்’ மிருகத்துக்கு எந்தப் புராணமும் இல்ல, போங் கற்பனை பண்ணின ஜந்து. ஆனா அது எந்தச் சாக்கடையில பிறந்துச்சு, யார் ஊத்துனதுன்னு சியோல்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். எது அதிகக் கொரியப் படம்?

பழமைக்கு நான் எதிரி இல்ல. 2024ல வந்த ‘எக்ஸூமா’வைப் பாருங்க, ஜாங் ஜே-ஹ்யுன் படம். பேய்ப் படத்தோட இலக்கணம் அத்தனையும் இருக்கு. அதுல கிம் கோ-உன் சாமியாடுற பூசாரிப் பொண்ணா, கன்வர்ஸ் ஷூ போட்டுக்கிட்டு, கையில கத்தியோட சடங்கு ஆடுவா. வாடிக்கையாளர் லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற பணக்காரக் கொரியக் குடும்பம். மூதாதையர் சமாதியைத் தோண்டத் தோண்ட ஜப்பான் ஆட்சிக்காலம் கீழ இருந்து வருது. அந்தக் குடும்பத்துப் பணம் எப்படி வந்துச்சுங்கறதும் வருது. பேயை விரட்டுனா மட்டும் தீராத ஒரு கடன். அந்தப் படமும் ஒரு கோடி டிக்கெட்டைத் தாண்டுச்சு.

கடைசியா ஒண்ணு. கொரியா ஏதோ 1999ல ‘ஷிரி’ வந்தப்பதான் ஹாலிவுட்டைப் பாத்து சினிமா கத்துக்கிச்சுன்னு நினைக்குறவங்க, 1960ல கிம் கீ-யங் எடுத்த ‘தி ஹவுஸ்மெய்ட்’ பாருங்க. போர் ஓஞ்சு ஏழே வருஷம். ஒரு பாட்டு வாத்தியார், மனைவி தையல் மெஷின் மிதிச்சு மிதிச்சுச் சேத்த காசுல கட்டின ரெண்டு மாடி வீடு, புதுசா வர்ற வேலைக்காரப் பொண்ணு, ஒரு பியானோ, ஒரு எலி பாஷாணப் பாட்டில், நடுவுல ஒரு மாடிப்படி. ‘பாரசைட்’ மாடிப்படிகளுக்கு இந்தப் படத்தோட மாடிப்படிதான் மூத்ததுன்னு போங்கே சொல்லியிருக்கார். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன்னோட யூடியூப் சேனல்ல பழைய படங்களை இங்கிலீஷ் சப்டைட்டிலோட இலவசமாவே போட்டு வெச்சிருக்கு, இதுவும் அதுல இருக்கு. அந்த வீடியோக்காரருக்கும் இதோட பேரை அனுப்பி வெச்சிருக்கேன்.